தங்கப் பொடியை வீட்டில் உருக்க எந்த நெருப்பு சரி?

அமிலத்தில் கரைத்துச் சுத்திகரித்து, கரைசலிலிருந்து வீழ்படிவாக இறங்கிய தங்கத்தை முதன்முறை பார்ப்பவருக்கு அது தங்கம் என்றே நம்பிக்கை வராது. பீக்கரின் அடியில் பழுப்பு நிறச் சேறு போலப் படிந்திருக்கும். காய்ந்த பிறகு செம்மண் பொடி மாதிரி ஆகிவிடும். மினுமினுப்பு துளியும் இருக்காது. அதை உருக்கிக் கட்டியாக்கும் வரை அந்த உழைப்புக்குக் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு பலன் கிடையாது. அமிலம், வடிகட்டல், கழுவல் என்று பல நாள் பொறுமையாகச் செய்தவர்கள்கூட இந்தக் கடைசிப் படியில் அவசரப்பட்டுப் பொடியை இழக்கிறார்கள். நானும் இழந்திருக்கிறேன். முதல் தடவை, கேஸ் சுடரைப் பீச்சும் டார்ச்சை நேராக உருக்குத் தட்டின் மேல் பிடித்தேன். சுடரோடு சேர்ந்து பொடியும் கிளம்பி மேசை முழுவதும் படிந்தது. கூட்டி அள்ளியது போக மீதி போனது போனதுதான்.

அதனால் "எந்த டார்ச் வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால், எவ்வளவு பொடி, எவ்வளவு சுத்தம், எத்தனை தடவை உருக்கப்போகிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். கையடக்க கேஸ் டார்ச், ஆக்சிஜன் சேர்த்த டார்ச், சிறிய மின் உலை, இண்டக்ஷன் உலை, இவை எதுவும் வேண்டாம் என்று பட்டறையில் கொடுப்பது என ஐந்து வழிகள் இருக்கின்றன. சுடரின் சூட்டை மட்டும் பார்த்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது தவறு. ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் சொல்லிவிடலாம்.

தங்கம் உருகுவது 1064 டிகிரி செல்சியஸில். புரொப்பேன் காற்றோடு சேர்ந்து நன்றாக எரிந்தால் சுடரின் உச்சச் சூடு 2000 டிகிரிக்குச் சற்றுக் கீழே இருக்கும். அதே புரொப்பேனுக்கு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறத்தாழ 2800. அசிட்டிலீனும் ஆக்சிஜனும் சேர்ந்தால் 3000-ஐத் தாண்டும். ஆக, மிகச் சாதாரண டார்ச்சின் சுடர்கூடத் தேவையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு சூடானது. 10 கிராம் தங்கத்தை அறைச் சூட்டிலிருந்து ஏற்றி முழுக்க உருக்க வேண்டிய ஆற்றலும் மொத்தம் சுமார் 2000 ஜூல்தான். ஒரு டம்ளர் தண்ணீரை இரண்டு, இரண்டரை டிகிரி சூடாக்குவதற்கு ஆகிற அளவு அது.

பிறகு ஏன் பத்து நிமிடம் டார்ச் பிடித்தும் சிலருக்கு உருகுவதில்லை? தட்டுதான் காரணம். 60 கிராம் எடையுள்ள ஒரு பீங்கான் உருக்குத் தட்டை 1000 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 60,000 ஜூல் வேண்டும், அதாவது உள்ளே இருக்கிற தங்கத்துக்கு ஆவதைப் போல முப்பது மடங்கு. போதாததற்கு, தங்கம் உருகும் சூட்டில் தகதகக்கும் தட்டு ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலிருந்தும் 15 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியே கதிர்வீசிக்கொண்டே இருக்கும். 5 சென்டிமீட்டர் அகலத் தட்டின் வாயிலிருந்து மட்டும் 300 வாட் போகிறது. அடியிலும் பக்கவாட்டிலும் போவது தனி. திறந்த வெளியில் ஒரு கம்பி வலை மேல் தட்டை வைத்து டார்ச் அடித்தால் ஒரு பக்கம் ஊற்ற ஊற்ற மறுபக்கம் ஒழுகுகிற பானைதான்.

எடை குறைந்த வெப்பத்தடுப்புச் செங்கல்லில் தட்டு உட்காரும் அளவுக்கு ஒரு குழி குடைந்து, பின்னாலும் பக்கங்களிலும் இன்னும் மூன்று கற்களை நிறுத்திவிட்டால், அதே டார்ச்சுக்கு இரண்டு டார்ச்சின் பலம் வந்துவிடும். புதிய டார்ச்சுக்குச் செலவழிக்கும் முன் இந்த நான்கு கற்களை வாங்குங்கள். குடையும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. சாதாரணக் கட்டடச் செங்கல்லோ சிமென்ட் பலகையோ இதற்குக் கூடாது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகித் துண்டு துண்டாகத் தெறிக்கும்.

கையடக்க டார்ச்

தொடங்குகிறவர் கையில் முதலில் வருவது இதுதான். விலை குறைவு, இடம் வேண்டாம், பழகுவது எளிது. புரொப்பேன் உருளை ஒருவகை. மஞ்சள் உருளையில் 'மேப்' என்ற பெயரோடு வருவது இன்னொன்று. பழைய மேப் கலவையின் தயாரிப்பு 2008-இல் வட அமெரிக்காவில் நின்றுபோனது. இப்போது அந்தப் பெயரின் சாயலில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் இருப்பது புரொப்பிலீன். புரொப்பேனைவிடச் சற்றே சூடு அதிகம், அவ்வளவுதான். பெயரைப் பார்த்துப் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்க வேண்டாம். சமையல் வேலைக்கு விற்கிற குட்டி பியூட்டேன் டார்ச்சை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சுடரின் சூடு போதுமானதுதான், ஆனால் ஒரு நொடிக்கு அது தருகிற வெப்பம் மிகக் குறைவு. ஒரு கிராம், இரண்டு கிராமோடு அதன் பலம் முடிந்துவிடும்.

செங்கல் குழியும் நல்ல பர்னரும் இருந்தால் 5 கிராம் வரை கையடக்க டார்ச்சுக்குச் சிரமமே இல்லை. 10 கிராமுக்குப் பொறுமை வேண்டும். அதற்கு மேல் இரண்டு டார்ச்சுகளை இரண்டு பக்கமிருந்து பிடிப்பவர்கள் உண்டு, ஆனால் தனியாளாகச் செய்ய நான் சொல்ல மாட்டேன். நீண்ட நேரம் எரித்தால் உருளை குளிர்ந்து அழுத்தம் இறங்கி, சுடர் மெலியும். உருளையைத் தலைகீழாகச் சாய்த்தால் திரவ கேஸே பர்னருக்கு வந்து நெருப்பு சீறும். புதிதாகச் செய்கிறவர்கள் பதறுவது இந்த இடத்தில்தான்.

இதில் இன்னொரு எல்லையும் இருக்கிறது. உருகிய தங்கத்தை அச்சில் ஊற்றுவது கையடக்க டார்ச்சில் கடினம். சுடரை விலக்கிய சில நொடிகளில் தங்கம் உறைந்துவிடும், தட்டைச் சாய்ப்பதற்குள் விளிம்பிலேயே நின்றுவிடும். ஆனால் ஊற்ற வேண்டும் என்று என்ன கட்டாயம்? தட்டிலேயே உருண்டையாக உறைய விட்டு எடுத்தால் எடை, தூய்மை எதுவும் குறையாது. அழகான பட்டைக்கு ஆசைப்பட்டுச் சூடான தட்டோடு போராடுவதைவிட ஒரு குண்டுமணி வடிவக் கட்டியோடு திருப்திப்படுவது எவ்வளவோ மேல்.

ஆக்சிஜன் சேர்த்த டார்ச்

புரொப்பேனுக்கு ஆக்சிஜன் கொடுத்ததும் வேலையின் தன்மையே மாறிவிடுகிறது. 20, 30 கிராம் சில நிமிடங்களில் கண்ணாடிபோல் உருகி உருளும். ஊற்றும்போதும் சுடரைத் தட்டின் வாயில் பிடித்துக்கொண்டே சாய்க்க முடியும். நகைத் தொழிலில் இருப்பவர்கள் இதையே நாடுவதற்கு இந்த வேகமும் கட்டுப்பாடும்தான் காரணம்.

பொடிக்கு மட்டும் இதில் ஆபத்து அதிகம். ஆக்சிஜன் சுடர் கூர்மையானது, வேகமானது. கட்டித் தங்கத்தையோ நறுக்கிய துண்டுகளையோ உருக்கும்போது அந்த வேகம் ஒன்றும் செய்யாது. வீழ்படிவுப் பொடியின் துகள்களோ மாவைப்போல் மிக நுண்ணியவை. தங்கம் கனமான உலோகம்தான், ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். ஆனால் அவ்வளவு சிறிய துகளுக்கு அந்தக் கனம் ஒரு பாதுகாப்பும் தராது. எனவே பல துளைகள் உள்ள அகலமான முனையைப் போட்டு, ஆக்சிஜனைக் குறைத்து, மெத்தென்ற பெரிய சுடரில் தொடங்க வேண்டும். பொடி ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்த பிறகே ஆக்சிஜனைக் கூட்ட வேண்டும்.

அசிட்டிலீன் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதன் கூர்மையான சூட்டில் தட்டின் உட்புறத்தில் போடும் வெண்காரப் பூச்சும் (போராக்ஸ் உப்பு உருகிய கண்ணாடிப் படலம்) தட்டுமே இளகி, தங்க மணிகள் அதற்குள் புதையும். கரியும் படியும். அதோடு 15 பிஎஸ்ஐ-க்கு மேற்பட்ட அழுத்தத்தில் அசிட்டிலீன் தானாகவே சிதைந்து வெடிக்கக்கூடிய வாயு. 1064 டிகிரிக்காக அந்த ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவருவதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

ஆக்சிஜன் உருளை வைத்திருப்பவர் இரண்டை மறக்கக் கூடாது. ரெகுலேட்டரிலும் இணைப்புகளிலும் எண்ணெயோ கிரீஸோ பட்டுவிடக் கூடாது, அழுத்தமான ஆக்சிஜனில் அவை தாமாகவே தீப்பற்றும். இரு குழாய்களிலும் சுடர் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் வால்வு இருக்க வேண்டும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால், கசிந்தால் தரையோடு தங்கும். நிலவறையில் இந்த வேலை கூடவே கூடாது.

மின் உலையும் இண்டக்ஷனும்

பொடிக்கு மின் உலையைப்போல் இணக்கமானது வேறில்லை. காற்று வீச்சும் இல்லை, சுடரும் இல்லை, அதனால் ஊதிப் பறக்கவும் எதுவும் இல்லை. கிராஃபைட் மூசையில் (உருக்கும் கிண்ணத்தில்) பொடியைக் கொட்டி, மேலே கொஞ்சம் நீர் நீக்கிய வெண்காரம் தூவி, 1100 டிகிரிக்கு மேல் வைத்து, கிராஃபைட் குச்சியால் ஒருமுறை கிளறி, தெளிந்ததும் சூடேற்றிய அச்சில் ஊற்றிவிடலாம். கை நடுங்காதவர், கண் கூசாதவர் என்றெல்லாம் திறமை பார்க்காது.

குறைகளும் உண்டு. வீட்டுக்கென விற்கும் சிறு உலைகள்கூடப் பெரும்பாலும் ஒரு கிலோ, இரண்டு கிலோ கொள்ளும் மூசையோடு வருகின்றன. தங்கத்துக்கு அது மிகப் பெரிய பாத்திரம். 10 கிராம் தங்கம் உருகினால் அரை கன சென்டிமீட்டர்தான் வரும், ஒரு பட்டாணியைவிடச் சற்றுப் பெரிது. அவ்வளவு பெரிய மூசையின் அடியில் அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும், சுவரில் ஒட்டிய மணிகளைச் சுரண்ட வேண்டியிருக்கும். 50 கிராமுக்குக் கீழே எனக்கு அந்த உலையில் மனம் ஒப்பியதே இல்லை. இன்னொன்று, மூசை பழையதை நினைவில் வைத்திருக்கும். நேற்று வெள்ளியோ செம்போ உருக்கிய மூசையில் இன்று சுத்தத் தங்கத்தைப் போட்டால், சுத்திகரித்ததற்கே பொருளில்லாமல் போகும். தங்கத்துக்கென ஒரு மூசையைத் தனியாக ஒதுக்கிவிட வேண்டும். கிராஃபைட் திறந்த காற்றில் சூட்டோடு சூடாக மெல்ல எரிந்து தேய்கிற பொருள், எனவே மூசையும் அவ்வப்போது மாற்ற வேண்டியதுதான். வெடியுப்பை (பொட்டாசியம் நைட்ரேட்) சுத்திகரிப்புக்காகச் சேர்க்கும் பழக்கம் இருப்பவர்கள் கிராஃபைட்டில் அதைச் செய்யக் கூடாது, அது மூசையையே தின்னும்.

இண்டக்ஷன் உலை இதே வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். பொடி நேரடியாகச் சூடேறுவதைவிட கிராஃபைட் மூசை சூடேறி அதை உருக்குகிறது என்பதே நடைமுறை. விலை, குளிர்நீர் ஏற்பாடு, மின்சாரத் தேவை எல்லாம் சேர்ந்து, வாரந்தோறும் உருக்குபவருக்குத்தான் அது கட்டுபடியாகும். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அருகில் நிற்கக் கூடாது.

பட்டறையில் கொடுப்பது

இதைத் தோல்வியாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை உருக்கப்போகிறவர், கையில் 100 கிராம் வைத்திருப்பவர், விற்பதற்காகத் தூய்மைச் சான்று வேண்டுபவர், இந்த மூவருக்கும் இதுவே சரியான வழி. ஒன்றை மட்டும் விடக் கூடாது. பொடியை முழுக்கக் காயவைத்து நீங்களே எடைபோட்டுக் கொண்டுபோங்கள், உங்கள் கண்முன் காலி மூசையைக் காட்டச் சொல்லுங்கள், உருகி முடியும் வரை அங்கேயே நில்லுங்கள், மறுபடி எடைபோடுங்கள். கொஞ்சம் சேதாரம் இருக்கும். அது வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் யாரையும் சந்தேகிக்கும் முன் பொடியில் ஈரமோ சில்வர் குளோரைடோ (சுத்திகரிப்பில் தங்கிவிடும் வெள்ளி உப்பு) இருந்ததா என்று யோசிக்க வேண்டும்.

இந்த ஐந்தில் எதை எடுத்தாலும், அழுக்குப் பொடியை உருக்கக் கூடாது. உருக்கினால் சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது, சூடு அதைச் செய்யாது. பொடியைச் சூடான நீரில் பலமுறை அலசி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்து, மறுபடி தெளிந்த நீர் வரும் வரை அலச வேண்டும். இதெல்லாம் நல்ல காற்றோட்டத்தில், புகைபோக்கியின் கீழ். சில்வர் குளோரைடைக் கரைக்க அம்மோனியாவில் அலசுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கரைந்த நிலையில் தங்கம் கொஞ்சம் மிஞ்சியிருந்து அதில் அம்மோனியா பட்டால், காய்ந்தபின் தொட்டாலே வெடிக்கக்கூடிய சேர்மம் உண்டாகும். அம்மோனியா அலசிய வெள்ளிக் கரைசலையும் அப்படியே வைத்திருக்கக் கூடாது, நாள்பட வெடிபொருள் படியும். உடனே அமிலமாக்கிவிட வேண்டும். இந்த இரண்டிலும் சிறு சந்தேகம் இருந்தாலும் அம்மோனியாப் படியைத் தொடாதீர்கள்.

மின்னணுக் கழிவிலிருந்து எடுத்த தங்கமாக இருந்தால் ஈயமும் வெள்ளீயமும் கூடவே வரும். உருக்கும்போது தட்டிலிருந்து வெண்புகை எழுந்தால் கழுவல் போதவில்லை என்று பொருள். சுடரை விலக்கி, ஒதுங்கி நின்று, ஆறவிட்டு, மறுபடி கழுவலுக்குப் போவதே நல்லது.

டார்ச்சில் உருக்கும் விதம்

பத்து கிராமுக்குக் குறைவாக வைத்திருக்கும் பெரும்பாலானோர் முடிவில் கையடக்க டார்ச்சுக்கே வருவார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தட்டு. புதுத் தட்டை வெறுமனே பயன்படுத்தினால் அதன் நுண்துளைகளில் தங்கம் மணி மணியாக ஒட்டும். மெதுவாகச் சூடேற்றி, ஒரு சிட்டிகை வெண்காரம் தூவி, அது உருகி உட்புறம் முழுக்க மெல்லிய கண்ணாடிப் பூச்சாகப் பரவும் வரை தட்டைச் சாய்த்துச் சாய்த்துச் சுட வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண வெண்காரத்துக்குள் நீர் கட்டுண்டு இருக்கிறது, சூடுபட்டதும் பொங்கி நுரைக்கும். அதைத் தங்கப் பொடியின் மேலேயே தூவினால் நுரை பொடியைத் தூக்கிக்கொண்டு தட்டுக்கு வெளியே வழியும். அதனால்தான் பூச்சை முன்கூட்டியே போட்டு, பொங்கல் அடங்கிய பிறகு, தட்டு ஆறியபின் பொடியைப் போடச் சொல்கிறேன். நீர் நீக்கிய வெண்காரம் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். அதிகமானால் தங்க மணிகள் அதற்குள் மிதந்து ஒன்றுசேர மறுக்கும்.

அடுத்து பொடி. கடைசி அலசலுக்குப் பின் ஈரமாக இருக்கும்போதே கரண்டியின் முதுகால் அழுத்திச் சின்ன வில்லையாக ஆக்கிவிடுங்கள். குறைந்த சூட்டில் நிதானமாக உலர்த்துங்கள். கொதிக்கவிட்டால் ஆவி வெளியேறும்போது வில்லை வெடித்துச் சிதறும். வடிதாளில் பிடித்த பொடியாக இருந்தால் தாளைச் சுரண்டாமல் அப்படியே மடித்துப் பொட்டலமாகத் தட்டில் வைத்து, மெல்லிய சுடரில் தாள் கருகிச் சாம்பலாகும் வரை காத்திருக்கலாம். எனக்குப் பிடித்த முறை இதுதான். பொட்டலம் எரிந்து முடிவதற்குள் உள்ளே இருக்கும் பொடி ஓரளவு ஒட்டிப் பிடித்துவிடும்.

சுடரை எப்போதும் தட்டின் வெளிப்புறத்திலிருந்து தொடங்குங்கள். தட்டும் கல்லும் சிவக்கட்டும். பின் சுடரின் அகன்ற நுனிப்பகுதி மட்டும் பொடியைத் தடவுமாறு தள்ளிப் பிடியுங்கள். சற்று நேரத்தில் பழுப்பு மங்கி மஞ்சள் எட்டிப்பார்க்கும், வில்லை ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்கும். துகள்கள் உருகாமலேயே ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும் கட்டம் அது. அதுவரை பொறுத்தவருக்குப் பொடி பறக்காது. இனி சுடரை நெருக்கிக் கொண்டுவரலாம். சுடருக்குள் தெரியும் நீலக் கூம்பின் முனைக்குச் சற்று அப்பால்தான் சூடு உச்சம், கூம்புக்கு உள்ளே அல்ல. திடீரென்று ஒரு மூலை பளபளத்து உருளும், மற்றவை அதனோடு வந்து சேரும். தட்டை இடுக்கியால் பிடித்து லேசாகச் சுழற்றினால் ஓரங்களில் நிற்கும் சிறு மணிகளையும் பெரிய உருண்டை பொறுக்கிக்கொள்ளும்.

வெண்காரத்தின் சோடியம் சுடரை மஞ்சளாக்கும், அந்த ஒளியில் தங்கம் உருகியதா என்று கண்ணுக்குப் பிடிபடாது. கண்ணாடி ஊதுபவர்கள் அணியும் டிடிமியம் கண்ணாடி அந்த மஞ்சளை வடிகட்டிவிடும். ஆக்சிஜன் டார்ச் பிடிப்பவருக்கு அதற்குமேல் வெல்டிங் நிறக்கண்ணாடியும் வேண்டும். முழு முகத்தையும் மூடும் கவசம், தோல் கையுறை, பருத்தி உடை, மூடிய தோல் காலணி ஆகியவற்றோடு நில்லுங்கள். செயற்கை இழைத் துணி உருகித் தோலோடு ஒட்டும். தட்டின் கீழே உலர்ந்த மணல் பரப்பிய உலோகத் தட்டம் இருக்கட்டும். அச்சு வைத்திருந்தால் அதை முன்கூட்டியே சுட்டு ஈரம் போக்கியிருக்க வேண்டும். ஒரு துளி தண்ணீர்மேல் உருகிய உலோகம் விழுந்தால் அது முகத்துக்கே திரும்பி வரும்.

சுடரை ஒரேயடியாக விலக்காமல் மெல்லப் பின்னுக்கு இழுங்கள். சுத்தமான தங்கம் உறையும்போது சுருங்கும், நடுவில் ஒரு சிறு குழி விழும். மேற்பரப்பு பளிச்சென்று இருந்து, அந்தக் குழியைச் சுற்றி மெல்லிய படிகக் கோடுகள் தெரிந்தால் மனதுக்கு நிறைவாக இருக்கும். கருமையான தோலோ, மங்கிய திட்டுகளோ, விளிம்பில் பச்சைச் சாயலோ தெரிந்தால் அந்தக் கட்டியை விற்பதற்கு முன் மறுபடி கரைத்துச் சுத்திகரிக்க வேண்டியிருக்கும். தோற்றத்தை வைத்து 99.9 என்றெல்லாம் யாரும் சொல்ல முடியாது, அதற்கு முறையான பரிசோதனை வேண்டும்.

ஆறிய கட்டியில் ஒட்டியிருக்கும் கண்ணாடிப் பூச்சு நீர்த்த கந்தக அமிலத்தில் இளஞ்சூட்டில் வைத்தால் கழன்றுவிடும். அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. பிறகு எடைபோடுங்கள். உலர்ந்த பொடியின் எடையிலிருந்து அது கண்ணில் படும்படி குறைந்திருந்தால், முதலில் தட்டை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். பூச்சுக்குள் ஊசிமுனை அளவு மணிகள் இருக்கும். இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ தெரியும் கறையும் தங்கம்தான், கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத துகளாகக் கலந்துவிட்டது. அந்தத் தட்டைக் கழுவி எறியாமல் அடுத்த உருக்கலுக்கும் அதையே எடுத்துவையுங்கள். உடைந்துபோனால் துண்டுகளை ஒரு டப்பாவில் சேருங்கள். நாலைந்து தட்டுகள் சேர்ந்ததும் இடித்துப் பொடியாக்கி அமிலத்தில் போட்டால், முதல் நாள் மேசையில் நான் தொலைத்த அளவுக்காவது தங்கம் திரும்பி வரும்.